எண்ணெய் ஊறிய களிமண்ணை மின்சாரத்தாற் சுத்திகரித்தல்

உழவு யந்திரமும் நீரிறைக்கும் யந்திரமும் அறுவடை யந்திரமும் இன்று வயலின் அன்றாடக் கருவிகளாகி விட்டன. அவற்றுடன் டீசலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் வயலுட் புகுந்துள்ளன. எண்ணெய் மாற்றும்போது நிலத்தில் ஊற்றப்படும் கழிவெண்ணெய், கவிழ்ந்த கலத்திலிருந்து வழிந்தோடும் டீசல், பழுதான குழாயிலிருந்து நாட்கணக்கிற் சொட்டும் எண்ணெய் ஆகியன சிறு விடயங்களாகவே தோன்றும். ஆயின் அவை களிமண்ணிற் சேர்ந்தால் எளிதில் வெளியேறுவதில்லை.

இத்தகைய மண்ணை மின்சாரத்தினாற் சுத்திகரிக்கலாம் என்னும் செய்தி கமக்காரரின் செவிகளுக்கும் எட்டுவதுண்டு. அச்செய்தி பொய்யன்று. ஆயினும் அம்முறை எவ்வாறு தொழிற்படுகின்றது, எவ்விடத்துக்குப் பொருந்தும், எவ்விடத்துக்குப் பொருந்தாது என்பவற்றை அறியாது அதனைக் கையாள முற்படுவோர் பொருளையும், சில வேளைகளில் உயிரையும் இழக்க நேரிடும். ஆகவே அம்முறையின் தன்மையும், வயலில் எண்ணெய் சிந்தியவிடத்துக் கமக்காரர் தாமே செய்யத்தக்க பரிகாரங்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

களிமண்ணில் எண்ணெய் விளைக்கும் கேடு

மணற்பாங்கான நிலத்திற் சிந்திய எண்ணெய் விரைவிற் கீழிறங்கி நிலத்தடி நீரை அடைகின்றது. சுண்ணாம்புக் கற்பாறை மீது அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், பாறையிலுள்ள வெடிப்புகளும் குகைகளும் மாசடைந்த நீரை நெடுந்தூரம் கொண்டு செல்லத்தக்கவை. சுன்னாகப் பகுதியில் மண்ணிலும் கிணற்று நீரிலும் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நிலத்திற் சேரும் எண்ணெய் எத்துணைப் பெரிய கேடாக முடியலாம் என்பதற்கு இது சான்றாகும்.

களிமண்ணின் இயல்பு வேறு. மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பகுதியிலே கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களிற் காணப்படும் கருநிறக் களியை உதாரணமாகக் கொள்ளலாம். மாரியில் இக்களி நீரை உறிஞ்சிப் பருக்கின்றது. கோடையிற் சுருங்கி ஆழமாக வெடிக்கின்றது. ஈரமான காலத்தில் எண்ணெய் சிந்தினால் அது மேற்பரப்பிலேயே தங்கும். கோடையிற் சிந்தினாலோ வெடிப்புகளின் வழியே கீழே சென்று விடும். பின்னர் மழை பெய்ததும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். எண்ணெய் உள்ளே அடைபட்டு விடும். அங்கே காற்றும் இல்லை, நீரோட்டமும் இல்லை. எனவே அது ஆண்டுக்கணக்கில் அவ்விடத்திலேயே கிடக்கும்.

எண்ணெய் ஊறிய மண்கட்டி நீரை ஏற்பதில்லை. வேர்களுக்குக் காற்றும் கிடைப்பதில்லை. எண்ணெயை உண்ணும் நுண்ணங்கிகள் பெருகும்போது, மண்ணிலுள்ள நைதரசனை அவை எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளிக்கின்றது. நீர் நிறுத்தப்பட்ட வயலில் எண்ணெய்ப் படலம் மிதந்து, இளநாற்றுகளின் தண்டுகளிலும் இலைகளிலும் ஒட்டிக்கொள்கின்றது. பயன்படுத்தப்பட்ட எஞ்சின் எண்ணெயில் ஈயம், நாகம் முதலிய உலோகங்களும் கலந்திருக்கலாம். எண்ணெய் அழிந்த பின்னரும் இவ்வுலோகங்கள் மண்ணில் எஞ்சும்.

களிமண்ணும் மின்னேற்றமும்

களிமண்ணின் துணிக்கைகள் மிக நுண்ணியவை, 0.002 மில்லிமீற்றரிலும் சிறியவை. அவற்றின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் உண்டு. ஆதலால் நேர் மின்னேற்றமுடைய கல்சியம், மகனீசியம், சோடியம், அமோனியம் ஆகியவற்றின் அயன்கள் துணிக்கைகளைச் சூழ்ந்து பற்றி நிற்கின்றன. களிமண்ணிலிட்ட அமோனியப் பசளை எளிதிற் கழுவுண்டு போகாமைக்கும், மறை மின்னேற்றமுடைய நைத்திரேற்று கழுவுண்டு போவதற்கும் இதுவே காரணம். பசளையைக் காக்கும் இவ்வியல்பே மின்சாரச் சுத்திகரிப்புக்கும் அடிப்படையாகும்.

ஈரக் களிமண்ணில் இரு மின்வாய்களை நாட்டி நேரோட்ட மின்சாரத்தைச் செலுத்தினால், துணிக்கைகளைச் சூழ்ந்துள்ள நேரயன்கள் மறை மின்வாயை நோக்கி நகரும். அவ்வாறு நகரும்போது தம்மைச் சுற்றியுள்ள நீரையும் அவை இழுத்துச் செல்லும். இவ்வகையில், அழுத்தத்தால் அசையாத நீரும் மின்சாரத்தால் அசைகின்றது.

இதன் பயனை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். இறுகிய களிமண்ணூடாக நீர் தன் பாரத்தால் மட்டும் கீழிறங்கும்போது, ஒரு நாளிற் செல்லும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிலும் குறைவாக இருக்கலாம். அதே மண்ணில் ஒவ்வொரு சதமமீற்றர் இடைவெளிக்கும் 1 உவோற்று வீதம் மின்னழுத்தம் கொடுத்தால், நீர் ஒரு நாளில் ஏறக்குறைய 1 சதமமீற்றர் நகரும். மணலில் இம்முறையாற் பெரும்பயன் இல்லை. அங்கு நீர் எவ்வாறாயினும் இலகுவாக ஓடும். களிமண்ணுக்கே இது சிறப்பாக உரியது.

இம்முறையின் வரலாறு

மின்சாரம் களிமண்ணூடாக நீரை நகர்த்தும் என்பதை முதலிற் கண்டவர் மொஸ்கோ நகரில் ஆராய்ச்சி செய்த உரோயிசு என்பவராவார். ஈரக் களியில் இரு கண்ணாடிக் குழாய்களை நாட்டி, அவற்றில் நீரூற்றி மின்சாரத்தைச் செலுத்திய அவர், மறை மின்வாய் இருந்த குழாயில் நீர் உயர்வதைக் கண்டார். அவருடைய ஆய்வு 1809 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஏறத்தாழ 130 ஆண்டுகளின் பின்னர், 1930 களில், ஜேர்மனியில் இலியோ கசாகிராண்டே என்னும் பொறியியலாளர் இதனைத் தொழிலிற் பயன்படுத்தினார். புகைவண்டிப் பாதைக்கென வெட்டிய இடங்களிற் சரிந்து வீழ்ந்த ஈர மண்ணிலிருந்து மின்சாரத்தால் நீரை அகற்றி, அம்மண்ணை அவர் உறுதியாக்கினார். விவசாயத்திலும் இது பரீட்சிக்கப்பட்டது. அக்காலத்து இந்தியாவிற் பூரி, ஆனந்து என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், காரத்தன்மையாற் கெட்ட நிலத்தை மின்சாரத்தாற் சீர்திருத்த முயன்று, தம் முடிவுகளை 1936 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நச்சுப் பொருள்களை மண்ணிலிருந்து அகற்றுவதற்கு இம்முறையைக் கையாளும் முயற்சி 1980 களின் பின்னரே வலுப்பெற்றது. அமெரிக்காவில் கென்றக்கி மாநிலத்துப் பதூக்கா என்னுமிடத்திலுள்ள அணுவெரிபொருள் ஆலையின் நிலத்தில், உலோகங்களிற் படிந்த கொழுப்பைக் கழுவுவதற்கான ஒரு கரைதிரவம் களிமண்ணில் ஊறிக் கிடந்தது. 1995 ஆம் ஆண்டில் அங்கு ஒரு சிறு நிலத்துண்டில் மின்வாய்களை நாட்டி, அவற்றுக்கு இடையே கரித்தூள் அடுக்குகளைப் புதைத்தனர். மின்சாரத்தால் நகர்ந்த நீர் நஞ்சைக் கரியிடம் கொண்டு சேர்த்தது. ஏறக்குறைய நான்கு மாதங்களில் அத்துண்டிலிருந்த நஞ்சில் 98 வீதத்துக்கும் மேற்பட்டது அகன்றது. அடுக்கடுக்காக அமைந்தமையால் இத்தாலிய உணவு ஒன்றின் பெயரைத் தழுவி இம்முறையை ‘இலசாஞா’ என அழைத்தனர்.

எண்ணெயை அகற்றுவதிலுள்ள இடர்ப்பாடு

பதூக்காவில் அகற்றப்பட்ட பொருள் ஓரளவுக்கு நீரிற் கரைவது. டீசலும் எஞ்சின் எண்ணெயும் அவ்வாறானவை அல்ல. இவ்வேறுபாட்டைக் கமக்காரர் நன்கு கவனித்தல் வேண்டும்.

மின்சாரம் எண்ணெயை நேராக இழுப்பதில்லை. எண்ணெய்க்கு அயன்களைப் போன்ற மின்னேற்றம் இல்லை. மின்சாரம் இழுப்பது நீரையும் அயன்களையுமே. அந்நீரில் எவ்வளவு எண்ணெய் கரைந்துள்ளதோ அவ்வளவே நீருடன் செல்லும். அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோலிலுள்ள பொருள்களைக் களிமண்ணிற் கலந்து இதனைப் பரீட்சித்தது. சிறிது நீரிற் கரையும் பென்சீனும் தொலுயீனும் நீருடன் நகர்ந்தன. நீரில் மிக அரிதாகக் கரையும் எட்சேன் போன்றவை நன்கு நகரவில்லை. பெற்றோலிலுள்ள பொருளே இவ்வாறாயின், அதனினும் தடித்த எஞ்சின் எண்ணெயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடர்ப்பாட்டை நீக்க இரு வழிகள் ஆராயப்பட்டுள்ளன. சவர்க்காரத்தைப் போன்று எண்ணெயை நீருடன் கலக்கச் செய்யும் பொருளை மண்ணுட் செலுத்தி, எண்ணெய் கலந்த அந்நீரை மின்சாரத்தால் நகர்த்துவது ஒரு வழி. எண்ணெயை நகர்த்தாது, அதனை உண்ணும் நுண்ணங்கிகளுக்கு வேண்டிய நைதரசன் முதலிய உணவுகளை மின்சாரத்தாற் களிமண்ணுட் செலுத்துவது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் எண்ணெயை அழிப்பவை நுண்ணங்கிகளே. மின்சாரம் அவற்றுக்கு உணவு சுமக்கும் வண்டியாக மட்டுமே அமைகின்றது.

முதலாவது வழியில், மறை மின்வாயிற் சேரும் எண்ணெய் நீரை இறைத்தெடுத்து வேறாகச் சுத்திகரித்தல் வேண்டும். அது செய்யப்படாவிடின், ஓரிடத்து அழுக்கு மற்றோரிடத்துக்கு மாற்றப்பட்டதேயன்றி வேறில்லை.

வயலில் இம்முறை பொருந்தாமைக்குக் காரணங்கள்

முதலாவது காரணம் உயிராபத்து. ஒரு சதமமீற்றருக்கு 1 உவோற்று எனக் கொண்டால், 2 மீற்றர் இடைவெளியில் நாட்டிய மின்வாய்களுக்கு 200 உவோற்று வேண்டும். இது வீட்டு மின்சாரமாகிய 230 உவோற்றுக்கு அண்மையது. ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவரை இது கொல்லவல்லது. காட்டுப் பன்றிக்கென வயலோரங்களிற் சட்டவிரோதமாக இடப்பட்ட மின்கம்பிகளால் இலங்கையில் மனிதரும் யானைகளும் மாண்டமையைக் கமக்காரர் அறிவர். நீர் நிறைந்த வயலின் அபாயம் அதனினும் பெரிது.

இரண்டாவது, வீட்டு மின்சாரத்தை நேரே நிலத்துக்குக் கொடுப்பதாற் பயன் சிறிதும் இல்லை. அது செக்கனுக்கு 50 சுற்று வீதம் திசை மாறும் ஆடலோட்டம். நீர் ஒரு பக்கம் அசையத் தொடங்குமுன்னரே மின்சாரம் மறுபக்கம் திரும்பி விடும். நீரை ஒரே திசையில் நகர்த்துவதற்கு நேரோட்டமே வேண்டும்.

மூன்றாவது, மண் கெடும். நேர் மின்வாயருகே அமிலமும் மறை மின்வாயருகே காரமும் உண்டாகின்றன. தக்க பாதுகாப்பில்லாவிடின், நேர் மின்வாயருகே மண்ணின் பீ.எச். பெறுமானம் 2 அல்லது 3 வரை இறங்கவும், மறை மின்வாயருகே 11 அல்லது 12 வரை ஏறவும் கூடும். நெல்லோ மரக்கறியோ இவ்விரு மண்ணிலும் வளரமாட்டாது. நேர் மின்வாயருகே மண் காய்ந்து வெடிக்கும். மண்ணிலிருந்த கல்சியமும் அமோனியமும் ஒரு பக்கம் சென்று குவியும். இரும்புக் கம்பியை நேர் மின்வாயாக நாட்டினால் அது கரைந்து அழியும்.

நான்காவது, வாயுக்கள் தோன்றும். மறை மின்வாயில் எரியும் தன்மையுடைய ஐதரசனும், நேர் மின்வாயில் ஒட்சிசனும் வெளிப்படும். கடலோர உவர் நிலங்களில் நேர் மின்வாயிலிருந்து நச்சுத் தன்மையுள்ள குளோரீனும் வெளிவரலாம்.

ஐந்தாவது, காலமும் செலவும். நாளொன்றுக்கு 1 சதமமீற்றர் வீதம் நீர் 2 மீற்றர் செல்வதற்கு 200 நாட்கள் வேண்டும். ஒருமுறை நீர் கடப்பதால் மண் சுத்தமாவதில்லை. பலமுறை கடத்தல் வேண்டும். அவ்வளவு காலமும் மின்சாரம் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும், காவலும் வேண்டும். இரு போகங்கள் இதனிற் கழிந்து விடும்.

ஆகவே இம்முறை எரிபொருட் களஞ்சியங்கள், பழைய தொழிற்சாலை நிலங்கள், தோண்ட இயலாத கட்டடங்களின் அடிநிலம் போன்றவற்றுக்கே உரியது. அதனையும் பயிற்சி பெற்ற பொறியியலாளர் வேலியிட்டுக் காவலுடன் செய்தல் வேண்டும். வயலுக்கென இத்தகைய கருவியை விற்கவோ பொருத்தவோ எவரேனும் முன்வரின், கமக்காரர் பணங் கொடுக்குமுன் விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசிப்பாராக.

எண்ணெய் சிந்தியவுடன் செய்ய வேண்டியவை

களிமண்ணில் எண்ணெய் மெதுவாகவே பரவும். இதுவே கமக்காரருக்குக் கிடைக்கும் வாய்ப்பாகும். முதல் நாளிற் செய்யும் ஒரு மணி நேர வேலை, பின்னர் ஆண்டுக்கணக்கிற் செய்யும் வேலையை மிச்சப்படுத்தும்.

வயலில் நீர் நிற்குமாயின், முதலில் வக்கடைகளையெல்லாம் மண்ணால் அடைத்தல் வேண்டும். எண்ணெய் அயல் வயலுக்கும் வாய்க்காலுக்கும் செல்லலாகாது. பின்னர் வைக்கோலைத் தடித்த புரியாகத் திரித்து நீரின்மீது மிதக்க விட்டு, இருவர் இரு முனைகளையும் பிடித்து எண்ணெயை ஒரு மூலைக்கு ஒதுக்குக. அங்கு உலர்ந்த வைக்கோல், மரத்தூள், தும்புச்சோறு என்பவற்றில் ஒன்றைத் தூவி எண்ணெயை உறிஞ்சச் செய்து வாரியெடுக்க வேண்டும். படலம் மறையும் வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்க. சவர்க்காரத் தூளை இடலாகாது. அது எண்ணெயை நீருட் கலக்கச் செய்து மண்ணுள் இறக்கி விடும்.

நிலம் உலர்ந்து வெடித்திருக்குமாயின், அவ்விடத்துக்கு நீர் விடலாகாது. உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ உடனே கொட்டி எண்ணெயை உறிஞ்சச் செய்க. பின்னர் கறை படிந்த மண்ணை, வெடிப்பு செல்லும் ஆழம்வரை பின்தொடர்ந்து, மழைக்கு முன்னர் வெட்டியெடுத்தல் வேண்டும். எண்ணெய் மணம் அற்ற மண் தோன்றும் வரை வெட்டுதல் நன்று.

எண்ணெய் உறிஞ்சிய வைக்கோலையும் தூளையும் வயலில் எரிக்கலாகாது. மரக்கறித் தோட்டத்துக் கூட்டெருவிலும் சேர்க்கலாகாது. அவற்றை மூடியுள்ள பீப்பாயில் இட்டு, மழைபடாத இடத்தில் வைத்து, உள்ளூராட்சி மன்றத்தின் அறிவுறுத்தலின்படி அகற்றுக.

வெட்டியெடுத்த மண்ணைத் திருத்துதல்

டீசலும் மண்ணெண்ணெயும் ஊறிய மண்ணை நுண்ணங்கிகளின் உதவியாற் பெரிதும் திருத்தலாம். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. காற்றும் ஈரமும் உணவும் போதும். இயற்கையில் எண்ணெயை உண்ணும் பற்றீரியாக்கள் மண்ணிலேயே உள்ளன. இறுகிய களியில் அவற்றுக்குக் காற்றுக் கிடையாமையே தடையாகும். அத்தடையை மண்வெட்டி நீக்கும்.

கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவான மேட்டிடத்தில் தடித்த பொலித்தீன் விரிப்பை இட்டு, ஓரங்களில் வரம்பு கட்டுக. மண்கட்டிகளை உடைத்து, 15 சதமமீற்றருக்கு மேற்படாத உயரத்திற் பரப்புக. நறுக்கிய வைக்கோலையும் நன்கு மக்கிய மாட்டெருவையும் கலந்தாற் களி நெகிழ்ந்து காற்றுப் புகும். சிந்திய டீசல் ஒவ்வோர் இலீற்றருக்கும் ஏறக்குறைய 150 கிராம் யூரியா வேண்டும். இதனை ஒரே முறையில் இடாது, சில வார இடைவெளியில் மூன்று பங்காக இடுக. கையாற் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் இருத்தல் வேண்டும்; நீர் வடியும் அளவுக்கு இருக்கலாகாது. வாரம் ஒருமுறை புரட்டி விடுக. மழைக்காலத்தில் மூடி வைக்க.

இவ்வாறு செய்யின் சில மாதங்களில் டீசலின் பெரும்பகுதி அழியும். எஞ்சின் எண்ணெய் மிகத் தாமதித்தே அழியும். அதிலுள்ள உலோகங்கள் அழிவதேயில்லை. எனவே கழிவெண்ணெய் ஊறிய மண்ணைத் திருத்திய பின்னரும் பயிர்நிலத்துக்குத் திருப்பலாகாது.

மண் திருந்தியதோ என்பதைப் பயறு விதைகளாற் சோதிக்கலாம். ஒரு சட்டியில் திருத்திய மண்ணையும் மற்றொன்றில் நல்ல மண்ணையும் இட்டு, ஒவ்வொன்றிலும் 20 விதைகளை ஊன்றுக. முளைத்த விதைகளின் தொகையும் நாற்றின் உயரமும் இரு சட்டிகளிலும் ஒத்திருப்பின், மண் பயிருக்கு ஏற்றதாகி வருகின்றது எனக் கொள்ளலாம். ஆயின் அம்மண்ணில் விளைவது உண்பதற்கு ஏற்றதென்பதற்கு இச்சோதனை சான்றாகாது. கீரை வகைகளையும் கிழங்கு வகைகளையும் பயிரிடுமுன் மண்ணை ஆய்வுகூடத்திற் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

கிணற்று நீர் பற்றிய எச்சரிக்கை

அருகிலுள்ள கிணற்றில் எண்ணெய் மணமோ நிறங்காட்டும் படலமோ காணப்படின், அந்நீரைக் குடித்தலும் சமையலுக்குப் பயன்படுத்துதலும் உடனே நிறுத்தப்படல் வேண்டும். கொதிக்க வைப்பதால் எண்ணெய் மாசு நீங்கிவிட்டதெனக் கொள்ளலாகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து நீரைப் பரிசோதிப்பிக்க வேண்டும். அந்நீரை மரக்கறிப் பாத்திகளுக்கு இறைப்பதும் தகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மின்சாரம் களிமண்ணிலுள்ள நீரை நகர்த்தும்; எண்ணெயைத் தானாக அழிக்காது.

2. நீரிற் கரையும் நஞ்சுகளுக்கு அம்முறை நன்று. தடித்த எண்ணெய்க்கு அதன் பயன் சிறிது.

3. எக்காரணத்தைக் கொண்டும் வயல் நிலத்துக்கு மின்சாரம் கொடுக்கலாகாது.

4. எண்ணெய் சிந்தியவுடன் வக்கடையை அடைத்து, வைக்கோலால் உறிஞ்சியெடுக்க. கறைபட்ட மண்ணை மழைக்கு முன் வெட்டியெடுக்க.

5. டீசல் ஊறிய மண்ணைக் காற்று, ஈரம், எரு, யூரியா என்பவற்றால் திருத்துக.

6. யந்திரத்தின் எண்ணெயை வயலிலோ கிணற்றடியிலோ மாற்றலாகாது. மாற்றும்போது கீழே தகரத் தட்டை வைத்து, கழிவெண்ணெயைக் கலத்திற் சேர்த்து, அதனை ஏற்கும் இடத்திற் கொடுக்க.

தகரத் தட்டு ஒன்றின் விலை அற்பம். களிமண்ணுட் புகுந்த எண்ணெயை வெளியேற்றும் செலவு அந்நிலத்து விளைவினும் மிகுதியாகலாம். எண்ணெய் நிலத்தை அடையுமுன் தடுப்பதே கமக்காரருக்கு உகந்த சுத்திகரிப்பு முறையாகும்.